சாணிக் குழியில் மிதந்த இரும்பு

வட்டமாகத் தோண்டிச் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு கிணறு. அதில் தண்ணீருக்குப் பதிலாகச் சாணக் கரைசல். அதன்மேல் கவிழ்த்து வைத்த அண்டாவைப் போல ஓர் இரும்பு டிரம். நடுவில் நட்டிருக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு அது மேலும் கீழும் நகரும். உள்ளே வாயு சேரச் சேர எழும்பும். அடுப்பு எரிய எரிய இறங்கும். இரவுச் சமையலுக்கு எரிவாயு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தால் போதும்.

‘கோபர் கேஸ்’ என்று ஊர்கள் அழைத்த இந்தக் கலனுக்கு நீண்ட வாழ்க்கை உண்டு. ஆராய்ச்சி நிலையத்தில் கருவாகி, கதர் இயக்கத்தாரிடம் வளர்ந்து, அரசு மானியத்தைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் பரவியது. பிறகு பல கொல்லைகளில் துருப்பிடித்து நின்றது. இப்போது தொழிற்சாலை உருவம் எடுத்து மறுபடியும் மானியத்தோடு வந்திருக்கிறது. கிராமத்து அடுப்புக்கென்று அரசு கொடுத்த பணத்தின் கதையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

சதுப்பு நிலத்தில் குமிழியிடும் வாயு தீப்பிடிக்கும் என்பது பழைய செய்தி. 1776-இல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, மேலெழுந்த வாயுவைச் சேகரித்து எரித்துப் பார்த்தவர் அலெஸாந்த்ரோ வோல்டா. 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுத்த வாயுவால் விளக்கு எரித்தார்கள். பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். இவை எல்லாமே நகரத்துச் சாக்கடையைச் சமாளிக்கப் பிறந்த முயற்சிகள். சாணம் இந்தக் கதைக்குள் வந்தது வேறு கவலையால்.

அந்தக் கவலை வேளாண்மைக்காரர்களுடையது. விறகு கிடைக்காத சமவெளிகளில் சாணத்தை வறட்டி தட்டி எரித்துவிடுகிறார்கள்; வயலுக்குப் போக வேண்டிய உரம் அடுப்பில் சாம்பலாகிறது. வறட்டி தட்டாதே என்று சொன்னால் அந்த வீட்டில் உலை எதை வைத்துக் கொதிக்கும்? 1930களின் இறுதியில் தில்லியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தைக் காற்றுப்புகாமல் புளிக்க வைத்து ஆராய்ந்தார். எரியக்கூடிய வாயு தனியே வந்தது. தழைச்சத்து கரைசலிலேயே தங்கியது. அடுப்பும் வயலும் ஒரே சாணத்துக்குப் போட்டி போட வேண்டியதில்லை என்று தெரிந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கலனின் முழுப் பெருமையும் இந்த ஒரு கண்டுபிடிப்பில்தான் இருக்கிறது. பிறகு வந்த திட்டங்கள் எல்லாம் வாயுவைப் பற்றிப் பேசின, உரத்தை மறந்தன. அதன் விலையைக் கலன்தான் கொடுத்தது.

உள்ளே வேலை செய்வது நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் நார்ப்பொருளை உடைத்துக் கரைக்கும். அடுத்தது அதை அமிலமாக்கும். இன்னொன்று அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசிக் கூட்டம் மீத்தேன் விடும். இந்தக் கடைசிக் கூட்டம் மாட்டின் வயிற்றிலேயே வாழ்வது. அதனால் சாணத்துக்கு வெளியிலிருந்து உறை ஊற்ற வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்துக்குக் காற்று ஆகாது, குளிர் ஆகாது, 35 டிகிரிச் சூடு பிடிக்கும். நம் ஊர் வெயில் அதற்கு இலவச அடுப்பு. சம அளவு தண்ணீரில் கரைத்த சாணம் உள்ளே போய் ஐம்பது நாள் அளவில் மறுபக்கம் வழிந்து வரும்போது நாற்றம் போயிருக்கும், ஈ மொய்க்காது. கிடைக்கும் வாயுவில் சுமார் அறுபது விழுக்காடு மீத்தேன்; மீதி பெரும்பாலும் கரியமில வாயு.

தேசாயின் சோதனை ஒரு வீட்டுப் பொருளாக மாறியது ஜஷ்பாய் படேலின் கையில். 1950களில் அவர் உருவாக்கிய மிதக்கும் டிரம் வடிவத்துக்குக் ‘கிராமலட்சுமி’ என்று பெயர். செங்கல் கிணறு, நடுவே ஒரு தடுப்புச் சுவர், மேலே இரும்பு டிரம் என்ற அந்த அமைப்பைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டு ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதே காலத்தில் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் அப்போது இருந்த அஜீத்மல் என்ற ஊரில் சாண எரிவாயு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ராம் பக்ஷ் சிங் அங்கே பல அளவுகளில் கலன் கட்டி, ஓடவிட்டு, கணக்கெழுதி வைத்தார். வெளிநாட்டில் பிற்காலத்தில் கலன் கட்ட விரும்பியவர்கள் அந்தக் கணக்குகளைத் தேடிப் படித்தார்கள்.

இரும்பு டிரம்மின் சிறப்பு எளிமை. கொத்தனார் கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தாலும் கலன் வேலை செய்யும். வாயுவின் அழுத்தம் எப்போதும் ஒரே சீராக இருக்கும், ஏனென்றால் டிரம்மின் எடைதான் அதை அழுத்துகிறது. குறையும் அதே இரும்பில் இருந்தது. கலனின் செலவில் பெரும்பங்கை டிரம் தின்றது. ஆண்டுதோறும் கரைசல் கோட்டுக்கு மேலும் கீழும் சாயம் பூச வேண்டும். பூசாவிட்டால் துரு ஓட்டையிடும். ஓட்டை விழுந்த டிரம் எழும்பாது. பற்றவைப்பவரைக் கூப்பிட்டுவர வண்டிச் சத்தம் கொடுக்க முடியாத வீட்டில் அத்தோடு அதன் கதை முடிந்தது.

1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் தில்லியின் பார்வை சாணிக் குழிப் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டியும் உடன் உழைத்தவர்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 2,30,000 டன் நைட்ரஜன் தரும் நிலக்கரி சார்ந்த ஓர் உர ஆலையையும், அதே அளவு நைட்ரஜன் தரும் 26,150 கிராமச் சாணக் கலன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஆலையில் 1,000 பேருக்கு வேலை. கலன்களில் 1,30,750 பேருக்கு. ஆலை மின்சாரத்தை விழுங்கும். கலன்கள் எரிபொருளைக் கொடுக்கும். ரெட்டியின் கணக்கு சாணக் கலனை முதலில் உர ஆலை என்றுதான் பார்த்தது. கலன் பற்றி எழுதப்பட்டவற்றில் இதுவே மிகத் தெளிவானது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு டிரம் பூமிக்குள் போனது. 1978-இல் லக்னோவில் உள்ள திட்ட ஆராய்ச்சிப் பிரிவு இரும்பே இல்லாமல் செங்கல் குவிமாடத்துக்குள் வாயுவைப் பிடித்துவைக்கும் ‘ஜனதா’ வடிவத்தைக் கொடுத்தது. 1984-இல் ஆஃப்ரோ என்ற தொண்டு அமைப்பு அதையே இன்னும் சிக்கனமாக்கி ‘தீனபந்து’ என்று வெளியிட்டது. செலவு இறங்கியது, துருத் தொல்லை தீர்ந்தது. பதிலுக்குக் கொத்தனாரின் கையை முழுக்க நம்ப வேண்டியதாயிற்று. குவிமாடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் வாயு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இரும்பு டிரம்மாவது இறங்கி நின்று குறையைக் காட்டும். மண்ணுக்குள் புதைந்த குவிமாடம் எதையும் காட்டாது.

1981-82-இல் தேசிய சாண எரிவாயு வளர்ச்சித் திட்டம் பிறந்தது. மாநிலத்துக்கு இவ்வளவு, மாவட்டத்துக்கு இவ்வளவு, வட்டாரத்துக்கு இவ்வளவு என்று இலக்கு இறங்கியது. கலன் கட்டி முடித்தால் மானியம். இன்றுவரை நாட்டில் கட்டப்பட்ட குடும்பக் கலன்கள் சுமார் 50 லட்சம். இது சிறிய சாதனை இல்லை. ஏழை விவசாயியின் வீட்டுக்குள் புகையில்லாத நீலச் சுடரைக் கொண்டுசேர்க்க அப்போது வேறு வழியே இருக்கவில்லை. நகரத்திலேயே சிலிண்டருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

ஆனால் மானியம் எதற்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். செங்கல்லுக்கு, சிமெண்டுக்கு, டிரம்முக்கு. அடுப்பில் எரிந்த வாயுவுக்கு இல்லை. அதிகாரி எண்ணியது கட்டி முடித்த கலன்களை; ஐந்து ஆண்டு கழித்து எத்தனை எரிகின்றன என்பது அவர் இலக்கில் வராது. அதனால் மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரமாகக் கட்டியவை உண்டு. இரண்டு மாடு வைத்திருந்தவருக்கு நான்கு மாட்டுச் சாணம் கேட்கும் கலனைக் கட்டிக்கொடுத்ததும் உண்டு. இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். பூஜையை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் பெண் அந்த 50 கிலோவை அள்ளி, கல்லும் வைக்கோலும் பொறுக்கிவிட்டுக் கரைத்து ஊற்ற வேண்டும். கோடையில் குடத்துக்குக் குடம் தண்ணீர் சுமக்கும் ஊர்களில் இதை எத்தனை வீடுகள் தாங்கும்? திட்டத்தின் தாள்களில் இந்த உழைப்புக்கென்று ஒரு வரி இடம் இருந்திருந்தால் பல கலன்கள் பிழைத்திருக்கும்.

கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்துப் புரா என்ற சிற்றூரில் இந்தப் பாடம் நேரடியாகக் கிடைத்தது. ரெட்டியின் குழு அங்கே ஊர்ப் பொதுக் கலன் கட்டி வீடுகளுக்குச் சமையல் வாயு கொடுக்க முனைந்தது. நடக்கவில்லை. ஊரின் சாணம் எல்லா அடுப்புக்கும் போதவில்லை. விறகோ பொறுக்கினால் காசில்லாமல் கிடைத்தது. குழு ஊராரோடு மறுபடி உட்கார்ந்து பேசியது. ஊருக்குத் தேவைப்பட்டது குடிதண்ணீரும் விளக்கும். 1987-இல் அதே வாயுவை டீசல் என்ஜினில் கலந்து ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள். வீடுகளில் விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. சாணம் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குக் கொடுத்த எடைக்குக் கூலி. செரித்து வந்த உரமும் அவர்களுக்கே திரும்பியது. சுமார் பத்தாண்டுகள் அது ஓடியது. கலனுக்கு ஊரில் ஒரு வரவு இருந்தவரை, தொட்டியில் சாணம் குறையவில்லை.

சிர்சி வட்டாரமும் இதைத்தான் சொல்கிறது. உத்தர கன்னட மாவட்டத்தின் அந்தப் பாக்குத் தோட்டப் பகுதியில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, பார்த்த கலன்கள் அநேகமாக எல்லாமே எரிந்துகொண்டிருந்தன. அங்கே கலன் கட்டித் தந்தவர்கள் உள்ளூர்க் கட்டுநர்கள். பழுதானால் வந்து சரிசெய்து தருவதாக உறுதி கொடுத்தார்கள். ஒருவர் சரியாகச் செய்யாவிட்டால் அடுத்தவரிடம் ஆட்கள் போய்விடுவார்கள். தோட்டத்துக்கு உரம் தேவைப்பட்டதால் கரைசலுக்கு மதிப்பும் இருந்தது. மத்தியத் திட்டத்திலும் பின்னாளில் திருத்தம் வந்தது. கட்டுகிறவரே சில ஆண்டுகள் பராமரிக்க வேண்டும், அதற்குத் தனியே ஒரு கட்டணம் என்றார்கள். நல்ல திருத்தம்தான். அந்தக் கட்டணம் ஒரு கொத்தனாரின் சில நாள் கூலிக்குத்தான் ஈடாக இருந்தது.

பிறகு சிலிண்டர் வந்தது. தமிழ்நாட்டில் 2006-இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அள்ளவும் வேண்டாம், கரைக்கவும் வேண்டாம், திருகினால் எரிகிறது. பெண்கள் அதை விரும்பியதில் எந்தத் தவறும் இல்லை. உழவு மாடுகளும் குறைந்துவிட்டதால் கலனுக்குத் தீனியும் குறைந்தது. ஆனாலும் நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் சுமார் அறுபது விழுக்காடு கப்பலில் வருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடும் இரண்டு கன மீட்டர் கலன் மாதம் கிட்டத்தட்ட இரண்டு சிலிண்டருக்குச் சமமான வாயுவைத் தரும். நான்கைந்து மாடு வைத்துப் பால் ஊற்றும் வீட்டுக்கு அது இன்றும் பெரிய தொகை.

மற்ற நாடுகள் இதே வாயுவுக்கு எப்படிப் பணம் கொடுத்தன என்று இங்கே ஒரு பார்வை பார்க்கலாம். பிரிட்டன் 2011 நவம்பரில் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத் திட்டம், கலனுக்குப் பணம் தரவில்லை. தந்த வெப்பத்துக்கும், குழாய்க்குள் செலுத்திய வாயுவுக்கும் யூனிட் கணக்கில் 20 ஆண்டுகளுக்குத் தந்தது. கலன் நின்றால் பணமும் நிற்கும். அங்கே பண்ணைக் கழிவிலும் உணவுக் கழிவிலும் வாயு எடுப்பவர்கள் நுண்ணுயிர்களைக் குழந்தைகளைப் போலக் கவனித்துக்கொண்டதற்கு இதுவே காரணம். புதியவர்களுக்கு அது 2021 மார்ச்சில் மூடப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் வேறொரு பசுமை எரிவாயுத் திட்டம் வந்தது. எரிவாயு விற்கும் நிறுவனங்களிடம் தீர்வை வாங்கி, 15 ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். வாயுவில் பாதியாவது கழிவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு. ஜெர்மனி யூனிட்டுக்கு யூனிட் தாராளமாகக் கொடுத்து, பயிரிலிருந்து எடுத்த வாயுவுக்குக் கூடுதலும் கொடுத்தபோது, விவசாயிகள் கலனுக்கென்றே மக்காச்சோளம் விதைத்தார்கள். 2012-இல் மக்காச்சோளத்துக்கு 60 விழுக்காடு உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. வட அயர்லாந்தில் மரக்கட்டை எரிக்கும் கொதிகலன்களுக்கு எரிபொருள் விலையைவிட அதிகமாக ஊக்கத்தொகை வைத்துவிட்டார்கள், உச்சவரம்பும் இல்லை. எரித்த அளவுக்கு லாபம். அந்தச் சிக்கல் 2017 ஜனவரியில் அங்கே ஆட்சியையே கவிழ்த்தது. விளைவுக்குப் பணம் கொடுப்பதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது இல்லை. ஆனாலும் செங்கல்லுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதைவிட அது நேர்மையான வழி.

இந்தியாவிலும் இப்போது அந்த வழி திறந்திருக்கிறது, பெரியவர்களுக்கு மட்டும். 2018 அக்டோபர் 1 அன்று தொடங்கிய ‘சதத்’ திட்டத்தில், கழிவிலிருந்து எடுத்துச் சுத்தப்படுத்தி அழுத்திய வாயுவைக் கிலோவுக்கு 46 ரூபாய் என்ற தொடக்க விலையில் வாங்கிக்கொள்வதாக எண்ணெய் நிறுவனங்கள் உறுதி கொடுத்தன. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் நாளுக்கு 15 டன் திறனோடு அமைந்த ஆலை இத்திட்டத்தில் முதலில் வந்தவற்றுள் ஒன்று. முட்டைக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தின் கோழி எச்சம் வண்டி ஓட்டும் எரிபொருளானது. 2022-இல் இந்தோரில் நாளுக்கு 550 டன் குப்பையை வாங்கி 17,000 கிலோ வாயு தரும் ஆலை திறந்தது. பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் லெஹ்ராகாகாவில் வைக்கோலைச் செரிக்கும் ஆலை அதே ஆண்டில் வந்தது. இப்படி 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தார்கள். சொன்ன கெடுவுக்குள் அதில் பத்தில் ஒரு பங்குகூட எழவில்லை. பிறகு 2023-இல் செரித்த உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி வந்தது. நகர எரிவாயு நிறுவனங்கள் இந்த வாயுவை 2025-26-இல் ஒரு விழுக்காடு, 2028-29 முதல் ஐந்து விழுக்காடு கட்டாயம் கலக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. பெரிய ஆலைக்கு விற்பனைக்கும் உரத்துக்கும் துணை கிடைத்துவிட்டது.

சிறிய கலனுக்கோ 2021-22 முதல் 2025-26 வரையிலான தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்திலும் பழைய முறைதான்: அளவுக்கேற்ப 9,800 ரூபாய் முதல் 70,400 ரூபாய் வரை, கலன் அமைப்பதற்கு. அதன் உடம்பு மட்டும் மாறியிருக்கிறது. செங்கல்லும் இரும்பும் போய், ஒரே நாளில் விரித்து மாட்டிவிடக்கூடிய தடித்த பிளாஸ்டிக் பைகள் வந்துவிட்டன. குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் ஜகரியாபுரா என்ற ஊரில் தேசிய பால்வள வாரியத்தின் துணையோடு பெண்கள் அப்படிப்பட்ட கலன்களை வைத்து, அடுப்புக்கு வாயு எடுத்துக்கொண்டு, மிஞ்சும் கரைசலைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்கிறார்கள். சாணம் அள்ளும் கைக்கே பணம் வருகிறது. தேசாய் தில்லியில் கண்டறிந்த அந்த உரம், எண்பது ஆண்டு கழித்து அங்கே விலை பெற்றிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. காலையும் மாலையும் அளந்து, எழுதி, பணம் கொடுக்கும் பழக்கம் அதற்கு இருக்கிறது. பாலை அளக்கும் அந்தக் கை கரைசலையும் அளக்கலாம். அடுத்த திட்டத்தை வகுக்கிறவர்கள் கலன் கட்டும் மானியத்தில் ஒரு பங்கையாவது, அது எரிந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். டன்னுக்கு 1,500 ரூபாய் என்ற உர உதவியைக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே கொல்லைக் கலனுக்கும் நீட்ட வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு கொத்தனாரைப் பழக்கி, ஓடும் கலன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்கு ஊதியம் தர வேண்டும். ஆலைக்குச் செய்து கொடுத்ததைத்தான் நான்கு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கும் கேட்கிறோம்.